தெலுக் ஆயர் கடைவீட்டில் ஒரு நல்ல காப்பி: முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் தெலுக் ஆயர், அமோய் ஸ்திரீட், கிளப் ஸ்திரீட் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே எட்டுப் பத்து இருக்கைகள். கவுண்ட்டருக்குப் பின்னால் ஒருவர் சின்னத் தராசில் காப்பிக்கொட்டையை நிறுத்துக்கொண்டிருப்பார். விலைப்பட்டியலில் ஒரு கோப்பைக்கு ஒன்பது வெள்ளி போட்டிருக்கும். பக்கத்து உணவங்காடியில் ஒன்றரை வெள்ளி வாக்கில் கோப்பி எனும் உள்ளூர்க் காப்பி கிடைக்கும்போது இது எதற்கு என்று நம்மவர்கள் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். உள்ளே போய் என்ன கேட்பது என்ற தயக்கமும் அதில் பாதி.

நான் செசில் ஸ்திரீட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வீட்டில் சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பிதான். கோப்பிக்கடைக் கோப்பியும் எனக்கு உயிர். இந்தச் சின்னக் கடைகளின் காப்பி அவை இரண்டுக்கும் போட்டியாக வந்ததல்ல. அதன் சுவையே தனி. அதை ஒருமுறையாவது ஒழுங்காகக் குடித்துப் பார்க்கச் சொல்லி எல்லோரையும் நச்சரிப்பேன். ஒழுங்காக என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கூட்ட நேரத்தில் போய், எதையும் கேட்காமல், கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு வந்தால் அந்த ஒன்பது வெள்ளி வீண்தான்.

முதலில் நேரம். வேலைநாளில் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை போகாதீர்கள். கடையில் இருப்பது ஒருவரோ இருவரோதான். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் அலுவலகக் கூட்டத்துக்கு ஓடுகிறவர்கள். உங்களோடு பேச அவருக்கு நேரம் இருக்காது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும் இதே கதைதான். பத்தரை மணி நல்ல நேரம், இல்லாவிட்டால் பிற்பகல் இரண்டரைக்கு மேல். நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும் கடைகள் உண்டு. அலுவலக வட்டாரம் என்பதால் சனி, ஞாயிறு திறக்காதவையும் உண்டு. புறப்படும் முன் அந்தக் கடையின் இன்ஸ்டகிராம் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். திடீர் விடுமுறையை அங்கேதான் போடுவார்கள்.

தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் வருபவர்களுக்கு மெக்ஸ்வெல் நிலையம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்கள் ஆன் சியாங் குன்றில் ஏறி, அங்குள்ள சின்னப் பூங்கா வழியாக அந்தப் பக்கம் இறங்கினால் அமோய் ஸ்திரீட் வந்துவிடும். எனக்குப் பிடித்த வழி அதுதான். மரநிழல் உண்டு, வண்டித் தொல்லை இல்லை.

கொஞ்சம் முன்னதாகவே வந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டை ஒரு நடை நடந்து பாருங்கள். இன்று கடல் இருக்கிற இடமே தெரியாத இந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகுதான் தண்ணீர் தள்ளிப்போனது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரையிலேயே வழிபாட்டு இடங்களை எழுப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, 1842-ல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் சீனக் கோயில். இன்னும் நாலு எட்டு வைத்தால் 1827-ல் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். நம் பெரியவர்களுக்கு அது குச்சுப்பள்ளி. இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்களின் தெரு இது. இங்கே ஒரு காப்பிக்கடைக் கதவைத் தள்ள நமக்குத் தயக்கமே வேண்டாம்.

கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நடக்கும்போது மட்டும் கவனம். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் வகுத்த நகரத் திட்டம், வீடுகளின் முகப்பில் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றது. அதனால் மழை கொட்டினாலும் நனையாமல் கடைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ஒரு வீட்டு முகப்புக்கும் அடுத்த வீட்டு முகப்புக்கும் தளம் ஏறி இறங்கும், ஈரத்தில் ஓடு வழுக்கும். வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் என்றால் கடைக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி, வாசல்படி எத்தனை, கழிவறை மாடியிலா என்று கேட்டுவிடுவது நல்லது. சில கடைகளில் மாடிக்குப் போக இருப்பது செங்குத்தான மரப்படி மட்டுமே. முதுகு சாயாத ஸ்டூல்கள் மட்டும் போட்டிருக்கும் கடைகளும் உண்டு; பெரியவர்கள் வருவதாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

இந்த வட்டாரம் 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் வீடுகள் இன்னும் அந்தக் காலத்து அகலத்திலேயே, குறுகலாகவும் உள்ளே நீண்டும் இருக்கின்றன. சுவரை இடித்துப் பெரிதாக்க முடியாது, வாடகையும் லேசுப்பட்டதல்ல. எட்டு இருக்கைகளை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைப்பு நடத்துகிறார் என்பதை மனத்தில் வைத்தால் நடந்துகொள்ளும் முறை தானாக வந்துவிடும். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேராகப் போங்கள். உணவங்காடியில் செய்வது மாதிரி டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்க வேண்டாம். முதலில் கவுண்ட்டரில் சொல்லிவிட்டு, எங்கே உட்காரலாம் என்று அவரையே கேளுங்கள். வெளியே ஆட்கள் காத்திருந்தால் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். குடித்து முடித்த கோப்பையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு வந்தால் ஒற்றை ஆளாக நிற்பவருக்கு அது பெரிய உதவி.

இப்போது முக்கியமான கட்டம், என்ன கேட்பது. பட்டியலில் இருக்கும் எல்லாப் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "நான் தினமும் குடிப்பது இது. இதில் எனக்கு எது ஒத்துவரும்?" என்று கேட்டால் போதும். காப்பி போடும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேயே வளர்ந்தவர்கள். கோப்பி சி (ஆவிப்பால் சேர்த்தது), சியூ தாய் (இனிப்புக் குறைவு), கொசோங் (சர்க்கரை இல்லாதது) எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நீங்கள் குடிப்பதைச் சொன்னதும் உங்கள் நாக்கு எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில், கோப்பி ஓ கொசோங் குடிப்பவர்கள் நேராகக் கையால் ஊற்றிப் போடும் ஃபில்டர் காப்பிக்கே போகலாம். பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி அவர்களுக்குப் புதிதல்ல. பட்டியலில் இது போர் ஓவர், ஹேண்ட் ப்ரூ, ஃபில்டர் என்று எந்தப் பெயரிலும் இருக்கும். கோப்பி சி, தே தாரிக் என்று பால் சேர்த்தே பழகியவர்களுக்கு ஃப்ளாட் வைட் என்ற பால் காப்பி நல்ல தொடக்கம். முதல் இரண்டு வாய் சர்க்கரை போடாமல் குடித்துப் பாருங்கள். பதமாகச் சூடாக்கிய பாலுக்கே ஓர் இனிப்பு இருக்கும். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நம் வீட்டு ஃபில்டர் காப்பி மட்டுமே குடிப்பவர்கள் பாடுதான் கொஞ்சம் சிரமம். சிக்கரியின் கனமும் கசப்பும் இங்கே கிடைக்காது. அவர்கள் புளிப்புக் குறைந்த கொட்டை எது என்று கேட்க வேண்டும். பிரேசில் கொட்டை இருந்தால் வறுத்த கடலை, சாக்லெட் பக்கம் போகும் சுவை. சுமத்ராவில் மண்வாசமும் கனமும் இருக்கும். எப்போதாவது இந்தியக் கொட்டை வரும். சிக்மகளூர், குடகு, ஏற்காடு என்று அட்டையில் பார்த்தால் விடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாபா புதான் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் மலை சிக்மகளூரில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் விளைந்ததைச் சிக்கரி இல்லாமல், இளம் வறுவலில் குடித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

ஒன்பது வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கோப்பிக்கடைக் கோப்பியில் பெரும்பகுதி ரொபஸ்டா வகைக் கொட்டை. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடிகட்டுவார்கள். அந்த மணம் வறுவலில் வருவது, அதற்கு ஈடு இல்லை. இந்தச் சின்னக் கடைகள் பெரும்பாலும் அரபிக்கா வகையை எடுத்து, கொட்டைக்குள் ஏற்கெனவே இருக்கும் சுவை வெளியே வரும் அளவுக்கு மட்டும் வறுக்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து மதிப்பெண் போடும்போது நூற்றுக்கு 80-ம் அதற்கு மேலும் வாங்கும் காப்பியைத்தான் ஸ்பெஷல்டி என்பார்கள். எந்தத் தோட்டம், எவ்வளவு உயரம், பறித்த பழத்தை என்ன செய்தார்கள் என்பதுவரை கணக்கு இருக்கும். அதோடு உங்கள் ஒரு கோப்பைக்காக ஓர் ஆள் நாலைந்து நிமிடம் வேறு எதையும் தொடாமல் நிற்கிறார்.

அந்த நாலைந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கவுண்ட்டர் பக்கம் உட்காருங்கள். அண்மையில் என் மாமாவைக் கூட்டிப்போனேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோப்பி ஓ கொசோங் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். காப்பி போட்டவர் ஒரு மலாய் இளைஞர். எத்தியோப்பியக் கொட்டை 15 கிராம் நிறுத்தார், அரைத்தார், தூளை அப்படியே மாமாவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தவர் கிண்ணத்தைத் திருப்பித் தரவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அந்த இளைஞர் வடிகட்டும் கூம்பில் தாளை வைத்து, வெந்நீரால் தாளை நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார். தாள் வாசம் காப்பியில் ஏறக்கூடாது என்பதற்காகவாம். தூளைப் போட்டு, வாத்துக்கழுத்துக் கெண்டியிலிருந்து 45 கிராம் தண்ணீர் மட்டும் ஊற்றி நிறுத்திவிட்டார். தூள் மெதுவாக உப்பியது, மேலே குமிழி குமிழியாக வெடித்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஏன் நிறுத்திவிட்டாய் என்று மலாயில் கேட்டார். வறுத்து அதிக நாள் ஆகாத கொட்டைக்குள் கரியமில வாயு இருக்கும், அதை முதலில் வெளியேற விட்டால்தான் தண்ணீர் தூளுக்குள் சீராக இறங்கும் என்றார் அந்தத் தம்பி. அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு நடுவிலிருந்து வட்டம் வட்டமாக ஊற்ற ஆரம்பித்தார். தராசில் 240 கிராம் காட்டியதும் கெண்டியை வைத்துவிட்டார். மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் சொட்டுவது நின்றது. மாமா மலாயிலேயே அடுத்தடுத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையனும் ஒவ்வொன்றுக்கும் கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். கூட்டமில்லாத நேரமாகப் போகச் சொல்வது இதற்குத்தான்.

குடிக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இதை மூன்று கட்டமாகக் குடியுங்கள். வந்ததும் ஒரு சின்ன வாய்; அப்போது மணம்தான் அதிகம் தெரியும், நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு வாய். வெதுவெதுப்பாகும்போது சுவைகள் பிரிந்து தெரியும். கடைசியில் நன்றாக ஆறிய பிறகு மிச்சம். ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் நல்ல கொட்டையின் இனிப்பு ஆறிய பிறகுதான் முழுசாக வெளியே வருகிறது. மாமா முதல் வாயில் "புளிக்குதே" என்றார். ஆறட்டும் என்று இரண்டு பேரும் சொன்னோம். பாதிக் கோப்பைக்கு வந்தபோது, "அடியில கரும்புச்சாறு வாசம் வருது" என்று அவராகவே சொன்னார்.

புளிப்பு என்பதுதான் நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் புகார், அதனால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காப்பி ஒரு பழத்தின் விதை. இளம் வறுவலில் அந்த விதையின் அமிலம் மிஞ்சியிருக்கும். கருக வறுத்தால் பெரும்பகுதி போய்விடும். நல்ல ரசத்தில் புளி இருக்கிற மாதிரி அந்தப் புளிப்பும் மற்றச் சுவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். புளிப்போடு இனிப்பும் தெரிந்தால், ஆற ஆற அந்த இனிப்பு கூடினால், காப்பி சரியாக இறங்கியிருக்கிறது. நாக்கின் ஓரத்தை வெட்டுகிற மாதிரி வெறும் புளிப்பு, வாயில் தண்ணீர் மாதிரி மெலிசு, விழுங்கியதும் ஒன்றுமே இல்லை என்றால் அது சரியாக இறங்காத காப்பி. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். "ரொம்பப் புளிப்பாக இருக்கிறது, கொஞ்சம் சுவைத்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். தொழிலில் அக்கறை உள்ளவர் வேறொன்று போட்டுத் தருவார், அரைப்பை மாற்றிப் பார்ப்பார். இப்படிக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் கடைக்கு நான் மறுபடி போகமாட்டேன்.

கோப்பையோடு ஒரு சின்ன அட்டை வரும். அதில் மல்லிகை, எலுமிச்சை, பீச் என்றெல்லாம் எழுதியிருக்கும். அவற்றை நாக்கில் தேடிக் களைத்துப்போக வேண்டாம். அட்டையில் நான் முதலில் பார்ப்பது பதப்படுத்திய முறை. வாஷ்டு என்றால் பழச்சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்தது; சுவை தெளிவாக இருக்கும், முதல்முறைக்கு இதுவே நல்லது. நேச்சுரல் என்றால் பழத்தோடு காயவைத்தது. நன்றாகப் பழுத்த பழவாசமும் சில சமயம் லேசான புளித்த வாசமும் வரும். சிலருக்கு முதல் முகர்வே பிடித்துவிடும், சிலர் கோப்பையைத் தள்ளிவிடுவார்கள். உயரத்தையும் பாருங்கள். 1,800 மீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால் குளிரில் மெதுவாகப் பழுத்த கொட்டை, புளிப்பும் மணமும் தூக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பால் காப்பி ஐந்திலிருந்து ஏழு வெள்ளி, கையால் ஊற்றுவது எட்டு முதல் பத்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிய கொட்டை என்றால் இன்னும் கூடும். 9 விழுக்காடு ஜிஎஸ்டி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கம் வாங்காத கடைகள் நிறைய, வங்கி அட்டையோ, ஃபோனில் பணம் அனுப்பும் பேநவ்வோ தயாராக இருக்கட்டும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

சாப்பாடு இந்தக் கடைகளில் ஒப்புக்குத்தான், குரோசான், பனானா கேக் மாதிரி. சைவர்கள் முட்டை, ஜெலட்டின் பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹலால் சான்றிதழ் இல்லாத சின்னக் கடைகளே அதிகம். அது அவசியம் என்பவர்கள் கம்போங் கிளாம் பக்கம் தேடினால் வாய்ப்பு கூடுதல். தூக்கம் பற்றிக் கவலைப்படும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி: ரொபஸ்டாவில் இருக்கும் காஃபீன் அரபிக்காவில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்காக மாலை நேரத்தில் அரபிக்காவை முழுக் கோப்பை குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது காஃபீன் நீக்கிய டிகாஃப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதற்கென்று நகரத்துக்கு வர வேண்டியதில்லை. ஜாலான் புசார் பக்கம் டிர்விட் சாலையில் 2012 முதல் இருக்கும் சை செங் ஹுவாட் ஹார்ட்வேர் நடக்கும் தூரம்தான். இரும்புச் சாமான் கடை இருந்த பழைய கட்டடம், அளவில் பெரியது, குடும்பத்தோடு போகலாம். தஞ்சோங் பகாருக்குப் பக்கத்தில் எவர்ட்டன் பார்க் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழே நைலான் என்று ஒரு கடை. அதுவும் 2012-ல் வந்தது, மிகச் சின்னது, கொட்டையை அவர்களே வறுக்கிறார்கள்.

குடித்தது பிடித்திருந்தால் அதே கொட்டையில் ஒரு பை வாங்கிக்கொண்டு வாருங்கள். வறுத்த தேதி பையில் அச்சடித்திருக்க வேண்டும். காலாவதித் தேதி மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். இளம் வறுவல் என்றால் வறுத்து பத்து நாள், இரண்டு வாரம் ஆன பிறகு திறந்தால்தான் சுவை நிலைக்கு வந்திருக்கும். வீட்டில் அரைக்கும் வசதி இல்லாவிட்டால் அங்கேயே அரைத்துத் தரச் சொல்லுங்கள். எதில் போடப்போகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எவர்சில்வர் ஃபில்டர் என்றால் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கூம்புக்கு அரைப்பதைவிட நைசாக, எஸ்பிரெஸோவுக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கரகரப்பாக என்று கேளுங்கள். சிக்கரி இல்லாத தூளில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டு, மேல்தட்டால் நன்றாக அழுத்திவிட்டு ஊற்றுங்கள். டிகாஷனில் பாலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் இந்தக் கொட்டையின் சுவை அமுங்கிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் தூள் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புச் சூடு படாத அலமாரியில் வைத்து, அரைத்ததாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.